தூஜா மஞ்சளாகிறது, அரக்கேரியா நுனி முறுகுகிறது: புல்லுக்கு அடித்த மருந்துதான் காரணமா?

உப்புவெளி_கன்றுக்காரி:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் வீட்டு வளவுக்குள்ளேயே சின்னதாக ஒரு நர்சரி, எட்டு வருடமாக நடத்துகிறேன். சோறு போடுவது குரோட்டனும் செவ்வரத்தையும் போகன்வில்லாவும்தான். ஆனால் என் மனசு பின்வரிசையில்: 140 தூஜா, 36 அரக்கேரியா, 20 ஜுனிப்பர். எல்லாம் ஊசியிலை மரங்கள், பொலித்தீன் பையில். அரக்கேரியாவை மார்கழியில் கிறிஸ்மஸ் மரம் என்று வாங்கிப் போவார்கள். இரண்டடி மரம் 2,500 ரூபாய்க்குப் போகும். அந்த ஒரு மாதக் காசில்தான் அடுத்த வருடத்துக்கு மண்ணும் தும்புத்தூளும் பையும் வாங்குவேன்.

பிரச்சினை கோரை. பைகளுக்கு நடுவில் உள்ள மணலில் கோரை, அறுகு, குப்பைமேனி எல்லாம். இந்தக் கச்சான் காற்றுக்கு ஊரே காய்ந்து கிடக்கிறது, என் வளவில் மட்டும் தினம் தண்ணீர் ஊற்றுவதால் புல்லுக்குத் திருவிழா. கையால் பிடுங்கினால் கோரை மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு வருகிறது.

ஜூன் கடைசி ஞாயிறு இவர் கிளைபோசேட் களைநாசினி அடித்தார். 16 லீற்றர் தாங்கிக்கு 150 மில்லி. "ஒட்டுவதற்கு" என்று பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் விட்டார். பைகளை நகர்த்தவில்லை, நடுவால் நடந்து அடித்துக்கொண்டே போனார். நான் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைன் காட்டுக்கு மேலாலேயே இந்த மருந்தை அடிப்பார்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். தூஜாவும் அதே சாதிதானே என்று விட்டுவிட்டேன்.

இன்று 18 நாள். தூஜாக்களில் அடிப்பக்கக் கிளைகள் மஞ்சளாகி, சில இடம் காப்பிக் கலர். இது எனக்கு விளங்குகிறது. விளங்காதது அரக்கேரியா. 22 மரத்தில் உச்சிக் குருத்து பன்றி வால் மாதிரி சுருண்டு நிற்கிறது. பச்சையாகத்தான் இருக்கிறது, வாடவில்லை, சுருண்டிருக்கிறது. ஜுனிப்பருக்கு ஒன்றும் இல்லை. கோரை பாதிதான் செத்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

என்ன செய்யலாம்? வெட்டவா, உரம் போடவா, விட்டுப் பார்க்கவா?


நிலாவெளி_மண்:

அக்கா, இந்த மாதங்களில் தூஜா மஞ்சளானால் முதலில் சிவப்புச் சிற்றுண்ணியைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். மிளகாய்த் தூள் மாதிரிப் புள்ளிகள் ஓடினால் அதுதான். சூடும் காற்றும் சேர்ந்தால் பெருகிவிடும். போன வருடம் நான் தேவையில்லாமல் உரத்தைப் பழி சொல்லி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.


உப்புவெளி_கன்றுக்காரி:

ஆறு மரத்தில் தட்டிப் பார்த்தேன் தம்பி. தாளில் மணலும் ஒரு எறும்பும்தான் விழுந்தன. நூலாம்படையும் இல்லை. மேல் கிளை எல்லாம் நல்ல பச்சை, அடி ஒன்றரைச் சாண் மட்டும்தான் பழுது. சிற்றுண்ணி இப்படிக் கோடு போட்டுக் கடிக்குமா?


பழைய_போதனாசிரியர்:

பிள்ளை, கந்தளாய், மூதூர், கிண்ணியா என்று 30 வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராகச் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவன் நான். படம் பார்க்காமலே ஒரு சந்தேகம் வருகிறது. தீர்ப்புச் சொல்ல முதல் நாலு கேள்வி.

ஸ்ப்ரேயர் உங்களுடையதா, இரவலா? இரவல் என்றால் அதில் கடைசியாக என்ன அடித்தார்கள்? வேலியோரம் பப்பாசி, தக்காளி, மிளகாய் ஏதாவது நிற்கிறதா, அவற்றின் இளம் இலை எப்படி இருக்கிறது? தப்பிய ஜுனிப்பர் என்ன வயது, ஜூனில் புதுத் துளிர் விட்டுக்கொண்டிருந்ததா, சும்மா நின்றதா?

உரம் ஒன்றும் போட வேண்டாம். கத்தரிக்கோலையும் தொடாதீர்கள்.


டொரொன்டோ_திருமலையான்:

அக்கா, நான் பிறந்தது சாம்பல்தீவு. இங்கே 19 வருடமாகப் புல்வெளி, தோட்ட வேலை. கச்சான் என்று வாசித்ததும் முதலில் கடலைதான் ஞாபகம் வந்தது, பிறகுதான் காற்று. அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

அந்த வீடியோ பொய் இல்லை. வட அமெரிக்காவில் பைன், ஸ்புரூஸ் கன்றுகளுக்கு மேலால் கிளைபோசேட் அடிக்கிறார்கள். ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். கோடை முடிந்து, அந்த வருடத்துத் துளிர் முற்றி, நுனியில் மொட்டு மூடிய பிறகு. அந்த நேரம் ஊசி இலைக்கு மேல் மெழுகு தடித்திருக்கும், மரம் குளிருக்கு உறங்கப் போகிறது. களை மட்டும் விழித்திருந்து மருந்தைக் குடிக்கும். அதே மருந்தை மே, ஜூனில் இளந்துளிருக்கு அடித்தால் இங்கேயும் மரம் பழுதுதான். உப்புவெளியில் எந்த மாதம் மரம் உறங்கும்? தண்ணீர் ஊற்ற ஊற்றத் துளிர்த்துக்கொண்டே இருக்குமே. அத்தோடு பாத்திரம் கழுவும் திரவம் விட்டிருக்கிறீர்கள். கொழுப்பைக் கரைக்கிற சாமான் அது, இலை மெழுகை விடுமா? மருந்துக்குக் கதவு திறந்துவிட்டது அதுதான்.

இன்னொன்று. ஊசியிலை மரம் என்றால் களைநாசினிக்குப் பயமில்லை என்று நினைத்தவர்கள் பெரிய படிப்பாளிகளிலும் உண்டு. 2011இல் அமெரிக்காவில் இம்ப்ரெலிஸ் என்று புல்வெளிக்கு ஒரு புது மருந்து. அகலிலைக் களைக்கு. புல்லுக்குத்தான் அடித்தார்கள், ஆனால் பக்கத்தில் நின்ற நோர்வே ஸ்புரூஸும் வெள்ளைப் பைனும் நுனி முறுகிக் காய்ந்தன. மரத்தின் வேர் புல்லுக்குக் கீழும் போகும் என்பதை யோசிக்கவில்லை. ஓகஸ்டில் அரசாங்கமே விற்பனையை நிறுத்தியது. அது ஹோர்மோன் மாதிரி வேலை செய்கிற மருந்து. நுனி முறுகல் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அதுதான் வந்தது. கிளைபோசேட் இப்படி முறுக்காது.

நான் இருக்கிற ஒன்டாரியோவில் 2009இலிருந்து வீட்டுப் புல்வெளிக்கு இந்த மருந்துகள் பெரும்பாலும் அடிக்க முடியாது. முழங்காலில் நின்று டண்டேலியன் பிடுங்குகிறேன். உங்கள் கோரைக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.


உப்புவெளி_கன்றுக்காரி:

சேர், உங்கள் கேள்விகளை வாசித்துவிட்டு ஸ்ப்ரேயரைப் போய் மோந்து பார்த்தேன். மருந்துக்கடைக்குள் போன மாதிரி ஒரு வாடை. கிளைபோசேட் போத்தலுக்கு அந்த வாடை இல்லை.

எங்களுடைய ஸ்ப்ரேயர் போன வருடம் கைப்பிடி உடைந்தது. இது இவருடைய மச்சானின் தாங்கி. தம்பலகாமத்தில் வயல் செய்கிறார். போன் எடுத்துக் கேட்டேன். சிறுபோகத்துக்கு மே கடைசியில் எம்சிபிஏ, அதுதான் வயலில் அகலிலைக் களைக்கு அடிக்கிற மருந்து, அடித்தாராம். "கழுவித்தான் தந்தேன், வாய்க்காலில் ஒருதரம் அலசினேன்" என்கிறார். ஒருதரம்!

வேலியோரம் பப்பாசி ஒன்று தானாக முளைத்து நிற்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இளம் இலை எல்லாம் விரல் மாதிரி ஒடுங்கி, கீழே மடிந்து இருக்கிறது. வைரஸ் என்று நினைத்து வெட்ட இருந்தேன்.

ஜுனிப்பர் மூன்று வயது தாண்டியவை. விலை கூட என்று யாரும் வாங்காமல் பை நிரம்ப வேரோடு நிற்பவை. அவற்றில் துளிர் கண்டு மாதங்கள். அரக்கேரியா போன வருடக் கன்று, மே மாதம் பை மாற்றினேன், ஜூனில் எல்லாம் புதுக் கிளைச் சுற்று விட்டுக்கொண்டிருந்தன.


பழைய_போதனாசிரியர்:

சரி, பப்பாசி சாட்சி சொல்லிவிட்டது.

உங்கள் வளவில் நடந்தது ஒரு விபத்து இல்லை, இரண்டு. தூஜாவின் அடி கிளைபோசேட். தாவரம் சில அமினோ அமிலங்களைச் செய்வதற்கு வைத்திருக்கிற ஒரு நொதியை அது அடைத்துவிடும். பட்டினியால் சாவது போல, மெதுவாக, மஞ்சளாகிப் பிறகு காயும். ஸ்ப்ரே பட்ட உயரம் வரைக்கும் கோடு போட்ட மாதிரி முதலில் தெரியும். அரக்கேரியா நுனி எம்சிபிஏ. அது தாவரத்தின் வளர்ச்சி ஹோர்மோனை நடிக்கிற சாமான். செடிக்கு எந்தப் பக்கம் வளர்வது என்று தெரியாமல் போய் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நிற்கும், அதனால் முறுகும். கீழ்க் கிளையில் பட்டாலும் உள்ளே ஓடி, எங்கே வளர்ச்சி நடக்கிறதோ அங்கே போய்ச் சேரும். ஜுனிப்பர் சும்மா நின்றபடியால் தப்பியது. துளிர்க்கும் நேரத்தில் அடித்திருந்தால் அதுவும் இப்படித்தான்.

வயல்காரருக்கு இது விளங்காது, ஏனென்றால் நெல்லுக்கு எம்சிபிஏ பெரிதாக ஒன்றும் செய்யாது. தாங்கியில் மிச்சம் இருந்தாலும் அவருக்கு நட்டமில்லை. ரப்பர் வாசரிலும் குழாயிலும் ஊறி நிற்கிற கொஞ்சம் போதும், தக்காளியும் பப்பாசியும் காட்டிக்கொடுக்கும். மூதூரில் ஒரு ஆள் நெல்லுக்கு அடித்த தாங்கியால் மிளகாய்க்குப் பூச்சி எண்ணெய் அடித்து முழு மேட்டையும் இழந்தார். பூச்சி எண்ணெய் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். நான் போய்த் தாங்கியை மோந்து பார்த்துத்தான் சண்டையை நிறுத்தினேன்.

உறுதி வேண்டுமென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். தாங்கியில் கிணற்றுத் தண்ணீர் இரண்டு லீற்றர் விட்டுக் குலுக்கி ஒரு இரவு வையுங்கள். அதைக் குழாய் வழியாகவே எடுத்து, தயிர்ச் சட்டியிலோ யோகட் கோப்பையிலோ முளைத்த நாலு தக்காளிக் கன்றுக்குத் தெளியுங்கள். வேறு நாலுக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். முதல் நாலும் இரண்டு மூன்று நாளில் தலையைச் சுழித்தால் வேறு ஆய்வுகூடம் தேவையில்லை.

கழுவும் விதம்: மூன்று முறை தண்ணீர், ஒவ்வொரு முறையும் குழாயாலும் நொசிலாலும் வெளியே போக வேண்டும். பிறகு வீட்டு அமோனியாவைத் தண்ணீரில் கலந்து நிரப்பி ஒரு இரவு. மறுநாள் திரும்ப இரண்டு முறை தண்ணீர். நொசிலையும் வடியையும் கழற்றித் தனியாக ஊறப் போடுங்கள். அமோனியாவோடு ப்ளீச் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், வருகிற புகை நெஞ்சைப் பிடிக்கும். அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் ஊற்றவும் கூடாது. உங்கள் பக்கம் மணல், நேரே இறங்கிவிடும். இவ்வளவு செய்தும் என் புத்தி ஒன்றுதான்: களைநாசினிக்கு ஒரு தாங்கி, மற்றதற்கு ஒரு தாங்கி. களைநாசினித் தாங்கிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள், இரவல் கேட்டு வருகிறவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மரங்களுக்கு வருவோம். காய்ந்த தூஜாக் கிளை திரும்பப் பச்சையாகாது. ஆனால் இப்போது வெட்ட வேண்டாம், எது சாகும் எது நிற்கும் என்று இன்னும் ஒரு மாதத்தில் தெரியும். தூஜாவை இலையில்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் அந்த இடத்தில் துளிர் வராது, நிரந்தர ஓட்டை. அரக்கேரியா இன்னும் கறாரான மரம். உச்சிக் குருத்து செத்தால் பக்கக் கிளை நிமிர்ந்து உச்சியாகாது, அது எப்போதும் பக்கவாட்டிலேதான் போகும். சில வேளை தண்டிலிருந்து புதிதாக ஒரு நேர்க்குருத்து வரும், அதை நம்பி இருங்கள். எம்சிபிஏ ஈரமான சூட்டு மண்ணில் சில கிழமைகளில் உடைந்துவிடும், கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பைமண்ணை மாற்ற ஓடாதீர்கள். வேரைக் குழப்பினால் இருக்கிற உயிரும் போகும். அளவாகத் தண்ணீர், மத்தியானம் கொஞ்சம் நிழல்.


நிலாவெளி_மண்:

நான் சிற்றுண்ணி என்றேன், நீங்கள் கொலைவழக்கே நடத்திவிட்டீர்கள் சேர். கோரைக்கு என்ன வழி? புல்லை மட்டும் கொல்லும் மருந்து என்று ஒன்று இருக்கிறதாமே, மரத்துக்கு மேல் பட்டாலும் பிரச்சினை இல்லையாம்?


பழைய_போதனாசிரியர்:

இருக்கிறது தம்பி, புளுவாசிபொப் மாதிரி. அறுகைக் கொல்லும், ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் தாங்கும். ஆனால் கோரை புல் இல்லை. தண்டை உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை இருக்கும். புல் மருந்து அதற்கு முகம் கழுவிய மாதிரி.

முளைக்க முதல் போடுகிற மருந்துகளும் உண்டு. வெங்காயத்துக்கு அடிக்கிற ஒக்சிபுளூர்பென்னை வெளிநாட்டில் ஊசியிலை நாற்றுமேடைகளிலும் பாவிக்கிறார்கள். அங்கேயும் மரம் துளிர்க்கும் நேரம் தொட மாட்டார்கள், இளம் இலையில் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். திருமலையான் சொன்ன கதைதான் திரும்பவும்: அவர்கள் லேபலில் 'உறக்க காலம்' என்று எழுதியிருப்பதை நாங்கள் இங்கே எந்த நாட்காட்டியில் தேடுவது? அதுவும் விதையிலிருந்து வருவதைத்தான் தடுக்கும், கிழங்கிலிருந்து வருகிற கோரைக்கு அது பெரிய தடையில்லை.

என் யோசனை, பைகளை ஒருமுறை முழுக்க வெளியே தூக்குங்கள். வெறும் தரையில் கோரையை முளைக்க விட்டு, விடிய ஆறு மணிக்குக் கச்சான் எழும்ப முதல், நொசிலுக்குப் பெரிய பிளாஸ்டிக் போத்தலை வெட்டித் தொப்பி போட்டு, கிளைபோசேட். சவர்க்காரம் வேண்டாம். மூன்று கிழமையில் திரும்ப முளைப்பதற்கு இன்னொரு முறை. பிறகு களை முளைக்காமல் மறைக்கிற கறுப்புத் தரைவிரிப்பு போட்டு அதன் மேல் பையை அடுக்குங்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடுத்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டு, 2022இல் திரும்பத் திறந்தார்கள். நடுவில் இருந்த வருடங்களில் பெயரில்லாத போத்தல் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் அப்படியே வாங்குகிறார்கள். லேபல் இல்லாததைத் தொடாதீர்கள். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள், அந்த ஆட்கள் தமிழிலும் கதைப்பார்கள்.

பைக்குள் முளைப்பதற்கு உமி. மேலே ஒரு அங்குலம். புழுங்கல் அரிசி ஆலை உமியாகப் பாருங்கள். பச்சை உமியில் ஒன்றிரண்டு நெல் தப்பியிருக்கும், களைக்குப் பதில் வயல் முளைக்கும். போட்ட உடனே நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கச்சான் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் போடும்.


உப்புவெளி_கன்றுக்காரி:

ஆறு கிழமை கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

தக்காளிச் சோதனை செய்தேன். தாங்கித் தண்ணீர் பட்ட நாலும் மூன்றாம் நாள் காலை தலையைக் கவிழ்த்துத் தண்டைச் சுழித்துவிட்டன. மற்ற நாலும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. இவர் கோப்பைகளுக்கு முன்னால் குந்தி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். எனக்கும் ஒன்றும் சொல்ல வரவில்லை, பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அரக்கேரியா 22இல் 9 மரத்தில் சுருளுக்கு மேலே புதுச் சுற்று நேராக வந்திருக்கிறது. நடுவில் ஒரு சின்ன வளைவு மட்டும், தெரியாதவர் கண்ணுக்குப் படாது. 11 மரத்தில் உச்சி கருகிவிட்டது. மிச்சம் இரண்டில் உச்சி போனாலும் தண்டில் பச்சையாக ஒரு முளை, நேராகத்தான் நிற்கிறது, விரல் நகம் அளவு. தினம் காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். தூஜா 140இல் 31ஐ ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றின் அடிக் கிளைகளைக் கொஞ்சம் எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன்.

உச்சி போன அரக்கேரியாவை எறிய மனம் வரவில்லை. போன கிழமை ஒரு சிஸ்டர் கன்று பார்க்க வந்தவர் அந்த வரிசையிலிருந்து ஒன்று கேட்டார். அது பழுதானது, உச்சி வளராது என்று சொன்னேன். "எங்கள் ஹோலில் உயரமாக வைக்க இடமும் இல்லை, குட்டையாகவே நிற்கட்டும்" என்றார். 800 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

தரைவிரிப்பு பாதி இடத்துக்குத்தான் வாங்க முடிந்தது. மற்றப் பாதியில் கோரையோடு கைச்சண்டை தொடர்கிறது. உமி எல்லாப் பைக்கும் போட்டாயிற்று, குப்பைமேனி அநேகமாக நின்றுவிட்டது.


டொரொன்டோ_திருமலையான்:

சந்தோஷம் அக்கா. புழுங்கல் உமி எங்கே எடுத்தீர்கள்? சாம்பல்தீவில் தம்பிக்கும் சொல்ல வேண்டும்.


உப்புவெளி_கன்றுக்காரி:

தம்பலகாமத்தில், அதே மச்சான் நெல்லுக் குத்தக் கொடுக்கிற மில்லில்தான். 14 சாக்கு. மச்சானே லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். எவ்வளவு என்று கேட்டேன், காசு வாங்கவில்லை. போகும்போது ஸ்ப்ரேயரைத் திருப்பிக் கேட்டார். சிவப்புப் பெயின்ட் அடித்தாயிற்று, இனி இது இங்கேதான் என்று சொல்லிவிட்டேன்.